விடுமுறைக்கு எந்த ஊர்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடல் விழாவின் இரண்டாம் நாள், குடும்பங்களுக்கான அமர்வில் 2009ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'வெளிநாட்டில் ஒரு பொறியாளரின் வாழ்க்கை'. அதைப் பேச என்னைவிட அனுபவசாலிகள் இந்த அரங்கில் நாற்பது பேராவது இருக்கிறார்கள். ஆகவே அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தலைப்பை மாற்றிக்கொண்டேன். போன கூடலில் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபோது நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. 'பிள்ளை தமிழ் பேசமாட்டேங்குது மச்சான், லீவுல எங்கயாவது ஒரு நல்ல வகுப்புல கொண்டுபோய் விடலாமா?' அதற்கு எனக்குத் தெரிந்த பதிலை இன்று சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பதில் அயர்லாந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பிரம்மதேசத்துக்கு வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் சொந்த ஊர் பிரம்மதேசம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் பஸ் நிற்கிற ஊர். அம்மா இன்னமும் அங்கேதான். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. மல்லாட்டை போடுவார்கள், தண்ணீர் இருந்தால் தர்பூசணி. சின்னம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். நான் வேலை பார்ப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரத்தில், மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில். 2017ல் போனோம். அப்போது மகளுக்கு நாலு வயது.

அயர்லாந்து என்றால் ஆங்கிலம் பேசுகிற ஊர் என்றுதான் நானும் நினைத்துப் போனேன். அங்கே அரசியல் சட்டப்படி முதல் மொழி ஐரிஷ். பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடம். பன்னிரண்டு வயதுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் விலக்கு கேட்கலாம். நாலு வயதில் வந்த என் மகள் கேட்க முடியாது. ஆக, வீட்டில் தமிழ், தெருவில் ஆங்கிலம், வகுப்பில் ஐரிஷ். வீட்டில் தமிழ் என்பது நாங்கள் இரண்டு பேரும் தமிழில் கேட்பது, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் என்று நீங்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் போடுவோம். என் மகளிடம் இரண்டு வாக்கியம் இருந்தது. 'சாப்பிட்டேன் ஆயா.' 'நல்லா இருக்கேன் ஆயா.' அதற்குமேல் அம்மா ஏதாவது கேட்டால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் மொழிபெயர்ப்பேன். ஒருநாள் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 'எனக்கும் என் பேத்திக்கும் நடுவுல நீ ஒருத்தன் எதுக்குடா?' என்று கேட்டார். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார் என்று படித்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரனுக்கும் தமிழனுக்கும் நடுவில் ஒரு துபாஷி இருந்தது நியாயம். ஆயாவுக்கும் பேத்திக்கும் நடுவில் துபாஷி வேலை பார்ப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் 2024ல் மகள் பள்ளியிலிருந்து ஒரு காகிதம் கொண்டுவந்தாள். கோடை விடுமுறையில் 'கேல்டாக்ட்' போகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. கேல்டாக்ட் என்றால் ஐரிஷ் மொழியையே வீட்டிலும் கடையிலும் பேசுகிற பகுதிகள் என்று அரசு வரையறுத்து வைத்திருக்கும் இடங்கள். டொனகால், மேயோ, கால்வே, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட், மீத் என்று ஏழு மாவட்டங்களில் திட்டுத் திட்டாக இருக்கின்றன. அங்கே பிள்ளைகளை மூன்று வாரம் கொண்டுபோய் விடுவார்கள். காலையில் வகுப்பு, மதியம் விளையாட்டு, கடற்கரை, சாயங்காலம் ஆட்டம் பாட்டம். அந்த ஆட்டத்துக்குப் பெயர் 'கேலி'. நம் ஊர்க் கேலி இல்லை, நம் கும்மி மாதிரி. தங்குவது விடுதியில் அல்ல, ஊர்க்காரர்கள் வீட்டில். அந்த வீட்டம்மாவை 'பான் அன் டீ' என்பார்கள். வீட்டுக்காரி என்றுதான் அர்த்தம். இந்த மாதிரிக் கோடைக் கல்லூரிகளில் முதலாவது 1904ல் கார்க் மாவட்டத்துப் பாலிங்கியரியில் தொடங்கியது. இன்றைக்கு ஆண்டுக்கு 20,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் போகிறார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களும் கேல்டாக்டில் போய்த் தங்கிவிட்டு வந்தாக வேண்டும். கொரோனாவினால் 2020லும் 2021லும் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு கோடைகளிலும் அந்த ஊர்களில் பெரிய வருமானம் ஒன்று நின்றுபோயிற்று. அதற்கு அப்புறம் எல்லா வீட்டம்மாக்களும் திரும்பி வரவில்லை, வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்று இப்போதும் சொல்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? ஒரு காலத்தில் அந்தத் தீவு முழுக்க ஐரிஷ்தான். ஆங்கிலேய ஆட்சி, அப்புறம் 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம், கப்பலேறிப் போனது என்று மொழி பேசியவர்கள் பாதிப்பேர் செத்தார்கள், இல்லையென்றால் ஊரை விட்டுப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்தால்தான் பிழைப்பு என்று முடிவு கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்களாம். ஐரிஷில் பேசும் ஒவ்வொரு தடவைக்கும் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அடி. அந்தக் குச்சிக்கு ஒரு பெயரே இருக்கிறது, 'பாட்டா ஸ்கோர்' என்று. தமிழ் பேசினால் அபராதம் போடுகிற ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். கழுத்தில் குச்சி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2022 மக்கள்தொகைக் கணக்குப்படி ஐரிஷ் பேச வரும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். கேட்டால் பரவாயில்லையே என்று தோன்றும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி. 71,968. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் உள்ள நாட்டில். கேல்டாக்டுக்குள்ளேயே தினமும் பேசுகிறவர்கள் 20,261 பேர்தான். நம் பக்கம் நாலைந்து பெரிய ஊராட்சிகளைச் சேர்த்தால் வந்துவிடும். பதினாலு வருஷம் பள்ளியில் கட்டாயமாகப் படித்தும் இந்த நிலைமை. பாடமாகப் படிப்பதற்கும் பேசுவதற்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை அந்த எண்கள் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

நாம் உப்பளத்துப் பக்கத்து ஆட்கள், ஆகையால் இதை இப்படிச் சொன்னால் சட்டென்று புரியும். கடல் தண்ணீர் போமே மானியில் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டு இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு இறங்கும். இருபது டிகிரி வரைக்கும் கொண்டுவந்து மறுபடி தண்ணீரைக் கலந்தால், மறுபடி காய்ச்சி மறுபடி கலந்தால், வருஷம் முழுக்க வேலை நடக்கும், ஒரு கல் உப்பு கிடைக்காது. வாரத்துக்கு இரண்டு மணிநேர வகுப்பு அப்படித்தான். சனிக்கிழமை ஏற்றுவோம், ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆங்கிலத்தைக் கலந்துவிடுவோம். (இருபத்தொன்பது டிகிரிக்கு மேல் விட்டால் கசப்பு இறங்கும் என்பதும் உண்மை. மூன்று வாரத்துக்குமேல் எந்தப் பிள்ளையும் அந்நிய வீட்டில் தாங்காது.)

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? காகிதத்தில் பெயர் பெயராக இருந்தது. எல்லாவற்றிலும் சிரிக்கும் பிள்ளைகளின் படம். கட்டணம் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஆயிரம் யூரோவை ஒட்டி. நான் வழக்கம்போல ஒரு அட்டவணை போட்டேன். தூரம், கட்டணம், வகுப்பு நேரம், ஆசிரியர் தகுதி என்று கட்டம் கட்டி மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். என் மனைவி அதை ஓரமாக வைத்துவிட்டு, 'வாங்க, ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வரலாம்' என்றாள்.

எங்களுக்கு வசதி என்னவென்றால் கால்வேயிலிருந்து மேற்கே அரைமணி நேரம் கார் ஓட்டினால் கேல்டாக்ட் வந்துவிடும். அந்தப் பக்கத்துக்குப் பெயர் கானமாரா. இந்தப் பெயரை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசிக்காதீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று போய் மின்விசிறிக்கு அடியில் தூங்கினோமே, சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம், அதே பெயர்தான். 1886 முதல் 1890 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் கானமாரா பிரபு. அவர் அடிக்கல் நாட்டிய நூலகம் 1896ல் திறக்கப்பட்டது. பாறையும் சதுப்பும் கல் வேலியும் கடலுமாக இருக்கிற ஊர். காற்றில் உப்பு வாசனை. எனக்கு மரக்காணம் போலவே இருந்தது, வெயிலைத் தவிர.

அங்கே ஒரு வீட்டம்மா எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். வகுப்பு எப்படி, பாடத்திட்டம் என்ன என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, 'வகுப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், வகுப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான். எந்த வீடு, அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேர் உங்கள் மகளுடைய பள்ளி, இதைக் கேளுங்கள்' என்றார். எட்டுப் பேர் தங்குகிற வீட்டில் பிள்ளை வீட்டம்மாவோடு பேசும். பதினாறு பேர் தங்குகிற வீட்டில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில். ஒரே பள்ளித் தோழிகள் நாலு பேர் ஒரே அறையில் இருந்தால் மூன்று வாரமும் வீண். என் மகள் அதுவரை ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது அந்த நாலு தோழிகளோடு போகத்தான்! வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐரிஷ் ஒரே மாதிரி இல்லை. தெற்கே மன்ஸ்டர், மேற்கே கானக்ட், வடக்கே அல்ஸ்டர் என்று மூன்று வட்டார வழக்கு. உருளைக்கிழங்குக்கு மேற்கே 'ஃபத்தி', தெற்கே 'ப்ராத்தி', வடக்கே 'ப்ரேத்தி'. 'எப்படி இருக்கே' என்பதற்கே மூன்று விதம். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது 1958ல் அரசு வெளியிட்ட பொது இலக்கணத்தை ஒட்டியது. அது எந்த ஊர்ப் பேச்சும் இல்லை. ஆகவே கோடை வகுப்புக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே பிள்ளையின் நாக்கில் எந்த ஊர் மொழி உட்காரப்போகிறது என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றி மாற்றி அனுப்பினால் எதுவும் ஒட்டாது. டப்ளினுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்கிறவர்களுக்கு மீத் மாவட்டத்தில் ராத் கார்ன் என்று ஒரு ஊர் இருக்கிறது. 1935ல் கானமாராவிலிருந்து குடும்பங்களைக் கூட்டிவந்து நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். சுற்றி எங்கும் ஆங்கிலம், நடுவில் அந்த ஊரில் மட்டும் கானமாரா ஐரிஷ். மூன்று தலைமுறை ஆகியும் பேசுகிறார்கள். மொழியை வேரோடு பெயர்த்து நடலாம் போலிருக்கிறது, குடும்பம் குடும்பமாக நட்டால்.

பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு. டொனகாலில் க்ளென்கொலம்கில் என்கிற ஊரில் 1984ல் தொடங்கிய ஓய்டியஸ் கேல் அமைப்பு கோடை முழுக்க ஒரு வார வகுப்புகள் நடத்துகிறது. மலையேற்றம், நெசவு, இசை இவற்றோடு சேர்த்து மொழி. உலகம் பூராவும் இருந்து வருகிறார்கள். நானே போகலாமா என்று யோசித்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு மொழிப் பிரச்சினை இருக்கிறது என்று மனைவி ஞாபகப்படுத்தினாள்.

கடைசியில் எட்டுப் பேர் தங்குகிற, தோழிகள் யாரும் இல்லாத கானமாரா வீடு ஒன்றைப் பிடித்தோம். கல்லூரி விதி கண்டிப்பானது. ஆங்கிலத்தில் பேசிப் பிடிபட்டால் எச்சரிக்கை, மறுபடி மறுபடி பிடிபட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு. இந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் குச்சியில் வெட்டுப் போட்டவன் செய்ததும் கணக்கு எண்ணுகிற இதே காரியம்தான், மொழி மட்டும் திரும்பிவிட்டது. ஆனால் அந்த வீட்டம்மா விதியை நம்பி இருக்கவில்லை. மூன்றாம் நாள் என் மகள் வயிற்றுவலி என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அவர் கோபிக்கவும் இல்லை, ஆங்கிலத்தில் பதிலும் சொல்லவில்லை. ஐரிஷில் மெதுவாகத் திருப்பிச் சொல்லிக் காட்டி, அவள் சொல்லி முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதற்கப்புறம்தான் மருந்து. மகள் திரும்பி வந்தபோது இலக்கணம் பிரமாதமாக வளர்ந்துவிடவில்லை. பேசக் கூச்சப்படவில்லை, அதுதான் வந்திருந்தது. கடையில், பேருந்தில், யாரிடமும் பேசினாள்.

அன்று இரவு என் மனைவி கேட்டாள், 'இதே மாதிரி தமிழுக்கு எங்க இருக்கு?'

தேடினோம். மதுரையில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகத் தமிழ் வகுப்பு நடத்துகிறது, கோடைப் பருவமும் உண்டு; அது அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. மைசூரில் 1969ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் மண்டல மையத்தில் பிற மாநில ஆசிரியர்களுக்குப் பத்து மாதத் தமிழ்ப் பயிற்சி. அது வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு. 2001ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போதைய தமிழ் இணையக் கல்விக்கழகம், பாடங்களை இணையத்தில் தருகிறது, நல்ல பாடங்கள். வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்களின் வாரக்கடைசிப் பள்ளிகள் பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே சம்பளம் வாங்காமல் சொல்லித்தரும் அம்மாக்களுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளையை மூன்று வாரம் ஒரு வீட்டில் விட்டு, சோற்றோடு தமிழும் போடு என்று சொல்ல எங்கள் தேடலில் ஓர் இடமும் அகப்படவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கேல்டாக்டில் அரசாங்கம் ஆய்வாளரை அனுப்பி, இந்த வீட்டில் ஐரிஷ்தான் பேசுகிறார்களா என்று சோதித்து, பிள்ளைக்கு இவ்வளவு என்று உதவித்தொகை கொடுத்துத் தேடிப்பிடிக்கிற வீடு, நமக்குத் திண்டிவனம் மரக்காணம் சாலையில் சும்மா இருக்கிறது.

'சும்மா ஊருக்குப் போறதுதானே, எல்லாரும் வருஷா வருஷம் போறோமே' என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பயணம் எப்படி இருக்கும்? விமான நிலையத்திலிருந்து குளிர்சாதனக் கார். நாலு கல்யாணம், ஆறு கோயில், பாண்டிச்சேரியில் இரண்டு நாள். அப்பா அம்மா கூடவே இருக்கிறோம், ஆகையால் துபாஷி கூடவே இருக்கிறார். பிள்ளைக்குத் தமிழ் எதற்குத் தேவைப்படுகிறது? தேவையே இல்லை. ஆகவே 2025 ஜூலையில் கானமாராவில் கற்ற கணக்கைப் பிரம்மதேசத்தில் போட்டோம். மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் சென்னையில் மாமனார் வீட்டில் தங்கிவிட்டோம். மூன்று வாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன், பதினைந்து நிமிஷம். அவளுடைய செல்போன் எங்களிடம்.

விடுமுறை வேறு இடித்தது. அயர்லாந்தில் தொடக்கப்பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். நம் ஊரில் ஜூனிலேயே பள்ளி திறந்துவிடும். பகல் பூராவும் ஊரில் பிள்ளைகளே கிடையாது. சாயங்காலம் வரைக்கும் ஆயாவும் மாடும்தான். பார்க்கப்போனால் அதுதான் நல்லதாக முடிந்தது. பேசினால் ஆயாவோடு பேசவேண்டும், இல்லாவிட்டால் மாட்டோடு பேசவேண்டும்.

நான் எதிர்பார்க்காத சங்கடம் வேறு. ஊரே அவளோடு ஆங்கிலம் பேச வந்துவிட்டது! என் அண்ணன் பையன் ஏழாவது படிக்கிறான். 'வாட் இஸ் யுவர் நேம்' என்று தொடங்கினான். பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரிக்குப் போகிற பெண், இன்டர்வியூவுக்குப் பேசிப் பழகவேண்டும் என்று வந்து உட்கார்ந்தது. மளிகைக்கடைக்காரர் கூட. கேல்டாக்டில் ஊர் முழுக்கப் பிள்ளையின் ஆங்கிலத்தைத் தடுக்க நிற்கிறது. நம் ஊர் முழுக்க அதை வாங்கிக்கொள்ள நிற்கிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பையனுக்கு ஆங்கிலம் கிடைக்க வேறு வழி என்ன இருக்கிறது? நான் இந்தக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்தபோது எனக்கு எவ்வளவு ஆங்கிலம் வந்தது என்பதை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் நன்றாகவே அறிவார்.

அம்மா இதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அரைமணி நேரம் திண்ணையில் ஆங்கிலம், யார் வேண்டுமானாலும் வரலாம், பேத்தி சொல்லித்தருவாள். மற்ற நேரத்தில் எவனாவது இங்கிலீஷில் வாயைத் திறந்தால் அவனுக்கு அந்த அரைமணி நேரம் கிடையாது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, கேல்டாக்ட் என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு பையனைத் திருப்பி அனுப்பியும் விட்டார். அதற்குமேல் யாரும் துணியவில்லை.

முதல் ஞாயிறு போனில் மகள் அழுதாள். 'என்னை ஏன் இங்க விட்டீங்க' என்று ஆங்கிலத்தில். மனைவிக்கு உடனே காரை எடுக்கச் சொல்லலாம் என்று தோன்றியிருக்கிறது, எனக்கும்தான். சென்னையிலிருந்து மூன்று மணிநேரம், போயிருக்கலாம். இரண்டாம் ஞாயிறு பேசியது என் அம்மா. 'அவ பேசமாட்டாளாம், சின்னம்மா கூட உப்பளத்துக்குப் போய்ட்டு வந்து படுத்துட்டா. கால் எரியுதாம்.' அன்று வேலைக்குப் போகிற சின்னம்மாவோடு விடியாத நேரத்திலேயே பஸ் ஏறி மரக்காணம் போயிருக்கிறாள். உப்பு வாருகிற பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து பழையது சாப்பிட்டிருக்கிறாள். ஜூலை மாதம் உப்பு நன்றாக விளைகிற காலம். வெயில் ஏறுவதற்குள் வாரி மேட்டில் குவித்தாக வேண்டும். வெள்ளைப் பரப்பில் வெயில் பட்டால் கண் கூசும். அந்தப் பெண்கள் 'ஏன் கண்ணு, உங்க ஊர்ல உப்புக்கு என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டார்களாம். கடையில் வாங்குவோம் என்று சொன்னாளாம். மழைக்காலத்தில் அக்டோபரிலிருந்து அங்கே வேலை கிடையாது, அதற்காக அரசு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, அது எத்தனை நாளைக்கு வரும் என்பதையெல்லாம் அவள் எங்களுக்குத் தமிழில் விளக்கினாள். நான் கேட்டு வளர்ந்த கதைதான், அவள் வாயிலிருந்து கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

மூன்று வாரத்தில் என்ன வந்தது என்று பொறியாளர்களாகிய நீங்கள் அளவு கேட்பீர்கள். செய்தித்தாள் படிக்க வரவில்லை. எழுதினால் ஒற்றுப் பிழைதான். ஊர்ப் பிள்ளைகள் ஆயாவை நீ என்று கூப்பிடுவதைக் கேட்டு, சென்னையில் மாமனாரின் நண்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவரையும் 'நீ எங்க இருந்து வர்ற' என்று கேட்டு வைத்தாள். கால்வே திரும்பி வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் படத்தைக் காட்டி இது என்ன என்றதற்கு 'மல்லாட்டை' என்றாள். ஆசிரியை தென்மாவட்டத்துக்காரர். 'அப்படி ஒரு சொல்லே கிடையாது, நிலக்கடலை' என்று திருத்தியிருக்கிறார். இவள் விடவில்லை. 'எங்க ஆயா ஊர்ல மல்லாட்டைதான். உங்க ஊர்ல வேற இருக்கலாம்' என்று சொல்லிவிட்டு, ஃபத்தி, ப்ராத்தி, ப்ரேத்தி கதையை வகுப்புக்கே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் இப்போது நேராக அம்மாவுக்குப் போகிறது, எங்களை அறையை விட்டு அனுப்பிவிட்டு. என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் 'உங்களுக்கு எதுக்கு?' என்கிறாள். எனக்குத் துபாஷி வேலை போயிற்று.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007ல் கேல்டாக்ட் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. மொழி வலுவாக இருக்கும் பகுதிகளிலேயே ஐரிஷ் வீட்டு மொழியாக இன்னும் பதினைந்து இருபது ஆண்டுதான் தாங்கும் என்று அதில் சொன்னார்கள். அந்தக் கெடு இப்போது முடிகிற நேரம். நகரத்துக்காரர்கள் விடுமுறை வீடு வாங்கி விலையை ஏற்றிவிட்டதால் உள்ளூர் இளைஞர்களால் சொந்த ஊரில் வீடு கட்ட முடிவதில்லை. வீட்டம்மா வீட்டில் மூன்று வாரம் ஐரிஷ் பழகுகிற டப்ளின் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசுகிறார்கள், இதை நான் கண்ணால் பார்த்தேன். மாணவர்கள் கொண்டுவரும் பணம் அந்த ஊரில் தங்குவதால்தான் இந்த அளவாவது நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க விடுமுறை மாளிகைகள் முளைத்திருப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள். அங்கே 'தமிழ்க் கோடை முகாம்' என்று பலகை மாட்டி, நீச்சல் குளமும் ஆங்கிலம் பேசும் பணியாளர்களும் வைத்து யாராவது தொடங்கினால் தயவுசெய்து போகாதீர்கள். பணம் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் போய்ச் சேர்கிற இடமாகப் பாருங்கள்.

சங்கத்தில் சில நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இப்போதைக்கு எங்கள் ஊரில் மூன்று வீடுகளில் பேசி வைத்திருக்கிறேன். ஒன்று என் அம்மா வீடு. மூன்றிலும் பெண் பிள்ளைகள் இருக்கிற குடும்பம், கழிப்பறை உள்ள வீடு, நானும் மனைவியும் போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு, அந்த இரண்டும் ஒரே நாட்டிலிருந்து வரக்கூடாது. சாப்பாட்டுச் செலவும் அதற்குமேல் ஒரு நியாயமான தொகையும் வீட்டுக்காரியிடம் நேராகக் கொடுத்துவிட வேண்டும். சங்கத்துக்கோ எனக்கோ ஒரு பைசா வேண்டாம். பெற்றோர் ஊரில் தங்கக்கூடாது, ஆனால் மூன்று மணிநேரத் தூரத்துக்குள் இருக்கவேண்டும். பிள்ளைக்கு ஒவ்வாமை, மருந்து ஏதாவது இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. கொசுவலை கட்டாயம். ராத்திரி அரைமணி நேரம் திண்ணை ஆங்கில வகுப்பு உங்கள் பிள்ளைதான் எடுக்கவேண்டும், அதற்குச் சம்மதம் இல்லாவிட்டால் வீடு கிடைக்காது. இது என் நிபந்தனை இல்லை, அம்மாவுடையது.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் இயந்திரவியல் பிரிவு வாசலில் என்னைப் பார்க்கலாம். முதலில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அதனிடமும் கேட்கவேண்டும். என் மகள் அங்கேதான் நிற்கிறாள். உப்பளத்தைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டால் பந்தி முடிந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.